பஞ்சாலையின் பாஸ்வேர்ட்

பஞ்சாலை தன் புருஷன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்பது அவளுக்கு நிச்சயம். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க எஸ்டேட்டுக்கு வந்த மலாய்க்காரர் கேட்டபோது, பக்கத்து வீட்டு மாரியம்மாவைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வைத்தாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்: இராஜமாணிக்கம், மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் லோரி டிரைவர். பஞ்சாலை அதே எஸ்டேட்டில் பால்மரம் சீவியவள். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை.

ஒரே மகள் தவமலர் தாதியாகி அயர்லாந்துக்கு வேலைக்குப் போனாள். பிளேன் ஏறுவதற்கு முன் அம்மாவைச் சிரம்பான் டவுனுக்குக் கூட்டிப்போய், ராமகிருஷ்ணனின் இன்டர்நெட் கடையில் அவளுக்கு ஒரு ஈமெயில் திறந்து கொடுத்தாள்.

“பாஸ்வேர்டுக்கு அப்பா பேரையே போட்டுட்டேம்மா. கழுத்துல கத்திய வச்சாலும் உங்க வாயிலேர்ந்து வராது. இதவிட பத்திரம் ஒலகத்துலயே கெடையாது லா.”

அம்மாவுக்குத் தட்டத் தெரியாது என்பதால், பிரவுசரையே அதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் செய்துவிட்டுப் போனாள். பாஸ்வேர்ட் என்றால் என்றாவது ஒருநாள் சொல்லவும் வேண்டியிருக்கும் என்று அந்தப் படித்த பெண்ணுக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனம் சில நேரம் இப்படித்தான் கண்ணை மறைக்கும்.

சனிக்கிழமை தவறாமல் பஞ்சாலை பஸ் ஏறி வருவாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். காட்டிய இடத்தில் மௌஸை அழுத்துவாள். வரிசையாகக் குட்டி நட்சத்திரங்கள் வந்து நிற்கும், கடிதம் திறக்கும், ராமகிருஷ்ணன் படித்துக் காட்டுவான். கடிதத்தைவிட அந்த நட்சத்திரங்கள்தான் அவளை வாய் பிளக்க வைத்தன. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ஐயர் பேர் கேட்பார், அங்கேயும் மாரியம்மா துணை வேண்டும். இந்தப் பெட்டிக்கு யாருமே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நாஞ் சொல்லாத பேர இது எப்படிப்பா மனசுல வச்சிருக்கு?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். கிளம்பும்போது யாரும் பார்க்காத மாதிரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் இராஜமாணிக்கத்துக்கு இனிப்புநீர் வியாதி முற்றிக் காலில் புண் அழுகியது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தாமதித்தால் விஷம் ஏறிவிடும், மத்தியானத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். லோரி ஓட்டுகிறவரிடம் காலைக் கேட்டால் கொடுப்பாரா? “எம் மவ சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவமலரோ அங்குள்ள பெரிய டாக்டரைக் கேட்டு ஈமெயிலில் எழுதுவதாகவும், ராத்திரி டூட்டியில் போனில் கிடைக்கமாட்டேன் என்றும் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

பஞ்சாலை கடைக்கு ஓடினாள். அன்று செருப்பைக் கழற்றவும் மறந்துபோனாள். மௌஸை அழுத்தினாள். நட்சத்திரங்கள் வரவில்லை. வெறும் கட்டம்தான் இருந்தது.

ராமகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். “பழைய பிரவுசர எடுத்துட்டு புதுசு போட்டேன் அக்கா. மத்ததெல்லாம் இதுக்கு வந்துருச்சு, பாஸ்வேர்ட் மட்டும் வரல. அது பழசோடயே போச்சு. ஒருதடவ சொல்லுங்க, நான் தட்டிடறேன்.”

“அது… எங்க வீட்டுக்காரரு பேருப்பா.”

“அவ்ளோதானே! அவரு பேரு என்னக்கா?”

பஞ்சாலைக்கு எழுதிக் காட்ட எழுத்துத் தெரியாது. சுற்றிலும் பார்த்தாள். கேம் விளையாடும் சீனப் பையன்கள்தான் இருந்தார்கள், மாரியம்மா இல்லை. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் மத்தியானம் தாண்டிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் உயிர்தான். இந்த மாதிரி ஓர் இக்கட்டில் எந்தச் சாமியும் யாரையும் நிறுத்தக் கூடாது, எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, சொன்னாள்.

“கேக்கலக்கா. சத்தமா சொல்லுங்க.”

“இராஜமாணிக்கம்!”

சீனப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமகிருஷ்ணன் தட்டினான். நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திரை மாறி, மகளின் கடிதம் கண்முன்னே விரிந்தது. பஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள். இடி விழுமென்று நினைத்தவளுக்கு, தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்குக் கடல் தாண்டி மகள் வந்து நிற்பது தாங்கவில்லை.

ராமகிருஷ்ணன் படித்தான்: “அப்பா, யோசிக்காம கையெழுத்துப் போடுங்க. கால் போனா பரவால்ல, எனக்கு நீங்க வேணும்.”

கடிதத்தை அச்சடித்துக் கொடுக்கும்போது, “இந்த பிரவுசரையும் ஞாபகம் வச்சுக்கச் சொல்லட்டுமாக்கா?” என்று கேட்டான்.

“சொல்லுப்பா. இன்னொரு வாட்டி என்னால ஆவாது.”

வார்டில் நர்ஸ் கடிதத்தைப் படிக்க, இராஜமாணிக்கம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் போனதும் பஞ்சாலை உடைந்துபோனாள்.

“உங்க பேர சொல்லிப்புட்டேங்க. கடையில எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டேன். எனக்கு வேற வழி தெரியல.”

அவர் அவளையே பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள்.

“எப்படிச் சொன்ன? சொல்லு, கேப்போம்.”

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். இராஜமாணிக்கம் அவள் கையை விடவில்லை.

“நல்லாத்தான் இருக்கு எம் பேரு. இன்னொரு தரம் சொல்லு புள்ள.”