ஹியூபேட்டின் கூரைக்கு வந்த பல்

கொழும்பில் ஸ்கூல் வான் ஓடுகிறவர்களை எண்ணி முடியாது. ஆனால் கொட்டாஞ்சேனையில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நின்று "ஹியூபேட்டின் வான் எது?" என்று கேட்டுப் பாருங்கள், வாட்சர் உடனே கையை நீட்டிக் காட்டுவான். சும்மா கிடைத்த பெயரா அது? ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு ஹாபரில் கப்பல் மூட்டை தூக்கினது. கையில் சேர்ந்ததைக் குடிக்காமல், சூதாடாமல் ஒரு பழைய வானை வாங்கி, கொச்சிக்கடையில் சொந்தமாக ஒரு வீட்டையும் எழுப்பினது. கோட்டும் டையும் கட்டின எத்தனை பேருக்கு இது முடிந்தது? ஹியூபேட் இதைத் தானே எல்லாருக்கும் சொல்லுவார். சொல்லாவிட்டால் ஆருக்குத் தெரியும்?

பிள்ளைகளைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது கிடையாது. எவளுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், எவன் பக்கத்தில் இருக்கிறவனைக் கிள்ளுவான் என்பதெல்லாம் கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லுவார். அப்படிப்பட்டவருக்கே டில்ஷானியின் வாய் ஒரு வேலை காட்டியது.

டில்ஷானிக்கு ஏழு வயது. வருடத் தொடக்கத்தில்தான் தாய் தனுஷியாவோடு கொட்டாஞ்சேனை வாடகை வீட்டை விட்டு வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடிப் பிளட்டுக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் மாறவில்லை, வானும் மாறவில்லை. ஒரு நாள் காலமை பிள்ளையை ஏற்ற வந்தபோது தனுஷியாவின் முகமே சரியில்லை.

"ஹியூபேட் அண்ணன், பின்னேரம் இவளை நேரப் பல் டொக்டரிட்ட இறக்க ஏலுமா? நான் ஒபிசால அங்க வந்திடுறன். ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போயும் வாயைத் திறக்கிறாளே இல்ல. சீழ் கட்டிட்டுது. இனியும் விட்டா உள்ளுக்குப் பரவிடுமாம்."

பிள்ளையின் வலது கன்னம் ஜம்புப் பழம் மாதிரி உப்பியிருந்தது.

"இதுக்கா யோசிக்கிறீங்கள் தங்கச்சி? கிறேன்ல சாமான் தொங்கேக்க அதுக்குக் கீழ நிண்டவன் நான். ஒரு சின்னப் பிள்ளையின்ட வாயைத் திறக்க வைக்க மாட்டனா? என்னட்ட விடுங்கோ."

அன்றைக்குப் பின்னேரம் காலி வீதி நெரிசலில் வான் ஊரும்போது ஹியூபேட் தன் பல் பிடுங்கின கதையை எடுத்துவிட்டார். ஹாபரில் வேலை செய்யும்போது நடந்தது.

"டொக்டருமில்ல, ஊசியுமில்ல! நைலோன் கயித்தைப் பல்லில கட்டி, மற்றப் பக்கத்தை என்ட கூட்டாளி ஒஸ்வால்ட் பிடிச்சான். ஒரே இழுவை! சட்டையெல்லாம் ரத்தம். ஹியூபேட் 'ஆ' எண்டானா? இல்லவே இல்ல!"

வான் முழுக்க அமைதியாகிவிட்டது. மரியாதை என்று ஹியூபேட் நினைத்தார். பின் சீட்டில் ஒரு சின்னது அழத் தொடங்கின பிறகுதான் கதையை நிற்பாட்டினார்.

டொக்டர் ஜெஸீமாவின் இடம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வான் அங்கே போய்ச் சேர்ந்தபோது தனுஷியா வந்திருந்தாள். டில்ஷானி தானாகவே போய்க் கதிரையில் ஏறிச் சாய்ந்து படுத்தாள். ஆனால் உதட்டை மடித்துப் பல்லுக்குள் கடித்துக்கொண்டாள். தாய் கெஞ்சினாள். ஹியூபேட் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சொன்னார், பிறகு முன் சீட்டையே ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொன்னார். அந்த உதடு அசையவில்லை.

"பிடிச்சு அமத்தி எடுக்கிற பழக்கம் எனக்கில்ல," என்றார் டொக்டர். "இவட மனம் மாறினாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆறு மணி வரைக்கும் இருப்பன்."

தனுஷியா வெளியில் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் அப்படியே இருந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. தாய் அழுவதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று ஹியூபேட் டில்ஷானியை வானுக்குக் கூட்டிப்போய் முன் சீட்டில் ஏற்றினார். கடற்கரை ரயில் ஒன்று தெகிவளைப் பக்கம் போனது.

"அங்கிள், உங்கட வீட்டுக்கு மேல ஓடா, கொங்கிறீட்டா?"

வீட்டைப் பற்றிக் கேட்டால் ஹியூபேட் சும்மா இருப்பாரா? ஏன் கேட்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஓடு மகள், ஓடு! எல்லாரும் தகரத்தைப் போடு எண்டாங்கள். நான் கேக்கல்ல. வத்தளையில ஒரு பழைய வீடு உடைக்கேக்க ஒவ்வொண்டாத் தட்டிப் பார்த்து எடுத்த ஓடு. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளுக்கு வராது."

"அணில் வருமா?"

"வராமலா? பக்கத்து வீட்டு ஜம்பு மரத்தால இறங்கி, காலமையில என்ட கூரையிலதான் ஓட்டப் பந்தயம்."

அவள் ஹியூபேட்டின் வாயைப் பார்த்தாள்.

"ஒஸ்வால்ட் அங்கிள் இழுத்த பல்லை நீங்கள் எங்க போட்டனீங்கள்?"

"அதுவா? கடலுக்குள்ள எறிஞ்சிட்டன்."

"அதுதான்." அவள் விரலை நீட்டி ஹியூபேட்டின் வாயில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். "திரும்பி வரவே இல்ல."

ஹியூபேட் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு அவள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். முதல் விழுந்த இரண்டு பல்லையும் பழைய வீட்டுக் கூரைக்கு எறிந்து, பழசை எடுத்துப் புதுசைத் தா என்று அணிலிடம் கேட்டாள். இரண்டும் முளைத்தன. வானில் வருகிற ரொஷான் அண்ணாவின் பல்லை டொக்டர் பிடுங்கி வாளிக்குள் போட்டார். அது போன வருடம். இன்னும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அணிலுக்குக் கிடைக்காத பல்லுக்கு அணில் எப்படிப் புதுசு கொடுக்கும்? இப்போதைய பிளட்டுக்கு ஓட்டுக் கூரையே இல்லை, மேலே தண்ணீர்த் தாங்கிதான் நிற்கிறது, மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு.

ஹியூபேட்டுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

"அப்ப ஊசிக்குப் பயமில்லையா?"

"கொஞ்சம். ஊசி முடிஞ்சு போயிடும். பல் இல்லாட்டி எப்பவும் இல்லத்தானே?"

ஹியூபேட் வானை விட்டு இறங்கினார். பிள்ளையையும் இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நேரே டொக்டரின் அறைக்குள் போனார். தனுஷியாவும் எழும்பிப் பின்னால் வந்தாள்.

"டொக்டர், ஒரு கேள்வி. எடுக்கிற பல் ஆருக்குச் சொந்தம்?"

டொக்டர் அவரையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். "பிள்ளைக்குத்தான்."

"வாளிக்குள்ள போட மாட்டீங்களே?" என்றாள் டில்ஷானி.

"கழுவி, டிசுப் பேப்பரில சுத்தி உங்கட கையில தருவன். ஆனா ஒண்டு சொல்லோணும் மகள். இது கடைவாய்ப் பல். புதுசு கெதியா வராது. உங்களுக்குப் பத்து வயசும் ஆகலாம்."

ஹியூபேட் கண்ணால் சாடை காட்டினார். வழிக்கு வருகிற பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா? டொக்டர் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் தரம் வந்தபோது கன்னத்துக்கு வெளியில் வைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டார். பழுதான பல்லுக்குக் கீழே, பல் முளைக்கிற முரசுக்குள், வெள்ளையாக ஒரு குட்டிப் பல் படுத்திருந்தது.

"அட, உள்ளுக்கே இருக்குதே!" ஹியூபேட் வாயைத் திறந்துவிட்டார். "அப்ப அணில் என்னத்துக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தார். தனுஷியா அவரை முறைத்த முறைப்பு!

டில்ஷானி திரைக்குக் கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தாள்.

"அது நித்திரை அங்கிள்," என்றாள். "அணில்தான் எழுப்போணும்."

பிறகு கதிரையில் ஏறினாள். "நாளைக்கு உங்கட கூரைக்கு?"

"அந்தோனியார் சத்தியமா."

அவள் வாயைத் திறந்தாள். ஊசி போகும்போது ஹியூபேட்டின் பெருவிரலை நசுக்கினாள். மூட்டை தூக்கின விரல், தாங்கியது. கன்னம் விறைத்த பிறகு டொக்டர் பேசிப் பேசியே பல்லை எடுத்துவிட்டார். டிசுவுக்குள் அது இருக்கிறதா என்று டில்ஷானி பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கதிரையை விட்டு இறங்கினாள். தனுஷியா அழுதாள், சிரித்தாள், ஹியூபேட்டின் கையைப் பிடித்தாள். "நான் சொன்னனான்தானே தங்கச்சி," என்றார் ஹியூபேட்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வான் கொச்சிக்கடைக்குத் திரும்பியது. டீசல் விற்கிற விலைக்கு ஒரு பல்லுக்காக வேறு எந்த வான்காரன் இப்படிச் சுற்றிப் போவான்? பிள்ளைகள் எல்லாம் இறங்கி ஹியூபேட்டின் வீட்டுக்கு முன்னால் அண்ணாந்து நின்றார்கள். டில்ஷானி முதல் தரம் எறிந்த பல் ஓட்டில் உருண்டு திரும்பவும் காலடிக்கே வந்தது. ஹியூபேட் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. இரண்டாவது தரம் டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பல் மேலேயே நின்றுவிட்டது.

ரொஷான் மட்டும் நாக்கால் தன் வாயிலிருந்த வெறும் இடத்தைத் தடவிக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வயதுப் பெரியவன், முகம் வாடிப்போயிருந்தது.

"என்டது வாளிக்குள்ள போயிட்டுது," என்றான்.

ஹியூபேட் வாயெடுக்க முன்னமே டில்ஷானி சொன்னாள்: "உங்கடயும் உள்ளுக்கு நித்திரையாத்தான் இருக்கும் ரொஷான் அண்ணா. டொக்டர் ஜெஸீமாட்டப் போங்கோ, படத்தில காட்டுவா."

"வலிக்குமா?"

"படம் எடுக்க வலிக்காது. கன்னத்துக்கு வெளியிலதான் வைப்பா."

ரொஷான் ஹியூபேட்டைப் பார்த்தான். "அங்கிள், அம்மாட்டக் கேட்டா என்னையும் கொண்டு போவீங்களா?"

"ஏறடா வான்ல," என்றார் ஹியூபேட். "இன்னும் எத்தினை பல் வந்தாலும் என்ட ஓட்டில இடம் இருக்கு."