என் கோணல் பிஸ்டல்

நிறுவனம் எனக்குத் தந்த பிஸ்டலின் குழல் கோணல் என்று நான் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்றல்ல, நம்பினேன். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் நேராகச் செய்த ஜெர்மன்காரன் ஒன்றே ஒன்றை மட்டும் கோணலாகச் செய்து, அதை எனக்கென்று எடுத்து வைத்து அனுப்பியிருக்கிறான் என்று, மீசை நரைக்கத் தொடங்கிய, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகிய நான் மனதார நம்பினேன். வீட்டில் சொன்னேன். வேலையிடத்தில் சொன்னேன். கோயிலில் செருப்புக் கழற்றுமிடத்தில் வைத்துக்கூட இரண்டு பேருக்குச் சொன்னேன்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பான் நகரில் காசு வண்டியில் வேலை. கடைகளிலும் வங்கிகளிலும் காசுப் பைகளை ஏற்றி இறக்கும் கவச வண்டி அது. இறங்கிப் பை தூக்குகிறவன் நான். வண்டி ஓட்டுகிறவன் ஒரு மன்னார்ப் பெடியன். பெடியன் என்பது என் வாய்ப்பழக்கம். தலையில் பாதி வழுக்கை விழுந்திருந்தது. இந்த வேலைக்கு முன் நான் பல வருடம் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் உருளைக்கிழங்கு உரித்தவன். அங்கே சன்னல் இல்லை. வெளியே மழையா வெயிலா என்பதைப் பரிசாரகனின் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். காசு வண்டியில் சன்னல் இருந்தது. குண்டு துளைக்காத தடித்த கண்ணாடிதான், ஆனாலும் பாலத்தைக் கடக்கும்போது அதனூடாக ரைன் நதி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு மனைவி கட்டித் தந்த இடியப்பத்தைச் சாப்பிடுகிறபோது, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலும் என்று தோன்றும்.

சன்னலுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வருடந்தோறும் சுடும் சோதனையில் தேற வேண்டும். தவறினால் இன்னொரு தரம் விடுவார்கள். அதிலும் தவறினால் வண்டியில் இடமில்லை; நாணயம் பிரிக்கிற அறைக்குப் போக வேண்டும். அந்த அறை இருந்தது, வேறெங்கே, நிலத்துக்குக் கீழே.

முந்திய வருடங்களில் பெரிய பழைய பிஸ்டலோடு தட்டுத்தடுமாறித் தேறியிருந்தேன். அந்த வருடம் எல்லாருக்கும் சின்னதாக மாற்றினார்கள். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம். சின்னது என்றால் சத்தமும் சின்னது என்று சந்தோஷப்பட்டேன். அது நேர்மாறு. குழல் கட்டை என்பதால் வெடி முகத்துக்குக் கிட்ட வந்து வெடித்தது. பாரம் குறைவென்பதால் கையில் கோழிக்குஞ்சு போலத் துள்ளியது. சோதனை முடிந்து குறிக் கடதாசியைக் கொண்டுவந்தபோது, நடு வட்டத்தை ஒரு குண்டும் தொந்தரவு செய்திருக்கவில்லை. எல்லாம் இடப்பக்கக் கீழ் மூலையில் கூட்டம் போட்டிருந்தன, கலியாண வீட்டில் தாலி கட்டும்போது சாப்பாட்டுப் பக்கம் ஒதுங்கிய ஆம்பிளைகளைப் போல.

அன்றே முடிவு செய்தேன்: இந்தப் பிஸ்டலை மாற்றியமைக்க வேண்டும்.

இதில் எங்கள் ஆட்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். வாங்கின சாமானை வாங்கினபடியே பாவிக்க எங்களுக்குக் கை கூசும். யுத்த காலத்தில் பெற்றோல் வராதபோது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். மின்சாரம் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். அந்தப் பழக்கம் எங்களோடு அகதியாக வந்து, எங்களுக்கு முன்னரே வதிவிட அனுமதியும் எடுத்துவிட்டது. பான் நகரில் என் வீட்டுச் சமையலறை மேசையில் தேங்காய் துருவிப் பூட்டத் துளை போட்டிருக்கிறேன். தூசி உறிஞ்சும் மெசினின் குழாயைப் பாதியில் வெட்டி வேறு குழாய் பொருத்தியிருக்கிறேன். அது முன்பைவிட நன்றாக வேலை செய்ததா என்று கேட்கக்கூடாது. மாற்றினேன், அவ்வளவுதான்.

வண்டியில் மன்னார்ப் பெடியனிடம் சங்கதியைச் சொன்னேன். சிவப்பு விளக்கில் நின்றபடி அவன் தீர்ப்புச் சொன்னான்.

"அண்ணை, பெட்டியில இருந்து வந்தபடி உதைப் பாவிக்கலாமோ? உது ஆரோ ஒரு ஜெர்மன்காரன்ர கைக்குச் செய்தது. உங்கட கைக்குச் செய்யேல்லை."

"அப்ப என்ன மாத்தலாம்?"

"பிடிக்கு றப்பர் போடுங்கோ. குறி பாக்கிற மேட்டைக் கழட்டிப்போட்டுப் பச்சையா மினுங்கிறது ஒண்டு பூட்டுங்கோ. முக்கியமா விசையை இலேசாக்குங்கோ. விரல் நினைச்சாலே வெடிக்கோணும்."

"உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"என்ர மோட்டச்சைக்கிளில மாத்தாத சாமானில்லை, அண்ணை."

"நல்லா ஓடுதோ?"

"இப்ப திருத்தக் குடுத்திருக்கு."

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் நிறுவனத்தில் சின்ன மாற்றங்களுக்கு வழியும் இருந்தது. சுடப் பயிற்சி கொடுக்கிற அம்மா சரி என்றால், நிறுவனத்தின் துப்பாக்கி திருத்துகிறவர் செய்து தருவார். நாங்களாக ஒரு ஆணியையும் தொடக்கூடாது. மறுசோதனைக்கு முன் சுடும் கூடத்தில் அந்த அம்மாவைச் சந்திக்க ஒரு தெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்தேன்.

அன்று காலை வீட்டில் மனைவி கேட்டாள்.

"உண்மையாவே விசையை இலேசாக்கப் போறீங்களோ?"

"ஓம். அப்பத்தான் கை ஆடாது."

"போன கிழமை பாண் சூடாக்கிற மெசின் டக்கெண்டு பாணைத் துப்பினதுக்கு, தேத்தண்ணி முழுக்கச் சட்டையில ஊத்தின ஆள் நீங்கள். அந்த நேரம் விரல் உந்த இலேசான விசையில இருந்திருந்தா?"

"பாண் செத்திருக்கும்."

"பாண் இல்லை. உங்கட தொடை."

நான் கேளாதது போல் சப்பாத்துக் கட்டினேன். பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதியில்லாததால், சரஸ்வதி பூசைக்கு மற்ற ஆயுதங்களோடு, அதாவது கத்தரிக்கோலோடும் பிள்ளைகளின் கொம்பாசுப் பெட்டியோடும், அதை வைக்க முடியவில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது. வாசலில் என் வலக்கையைப் பிடித்து, சுட்டுவிரலில் திருநீறு பூசிவிட்டாள். நெற்றிக்குப் பூசவில்லை. அங்கே பூசி என்ன பிரயோசனம் என்று நினைத்திருப்பாள்.

பயிற்சி கொடுக்கிற அம்மா பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பையும் ஓய்வூதியத்தோடு சேர்த்துச் சேமித்து வைத்திருந்தார். நான் றப்பர், பச்சைப் புள்ளி, இலேசான விசை என்று என் கோரிக்கைகளை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வரிசையாகச் சொல்லி, கடைசியில் குழல் கோணல் என்ற குற்றச்சாட்டையும் வைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, என் பிஸ்டலை எடுத்து, நின்ற நிலையிலேயே சுட்டார். கடதாசி திரும்பி வந்தது. நடு வட்டத்துக்குள் துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன.

"பிஸ்டல் சுகமாக இருக்கிறது," என்றார். "இனி உங்களைப் பார்ப்போம்."

எனக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று மகசினில் தோட்டாக்களை ஏற்றினார். ஏன் திரும்பினார் என்று நான் யோசிக்கவில்லை. என் தலைக்குள் நாணயம் பிரிக்கிற அறையின் குழாய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுட்டேன். வெடித்தது. மறுபடியும் விசையை இழுத்தேன்.

டிக் என்றது. அவ்வளவுதான். வெடியில்லை, அதிர்வில்லை. இடையில் மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றைச் செருகியிருக்கிறார். ஆனால் என் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பிஸ்டலின் மூக்கு தரையைப் பார்த்தது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. முழங்கால் மடிந்திருந்தது. கண்களை இறுக மூடியிருந்தேன் என்பது, அவற்றைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வெடிக்காத வெடிக்கு நான் முழுதாகப் பதுங்கியிருந்தேன். இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தால் மேசைக்குக் கீழே போயிருப்பேன்.

அந்த அம்மா பிஸ்டலை என் கையில் இருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"இதை எங்கே பழகினீர்கள்?"

"யாழ்ப்பாணத்தில்."

"யார் பழக்கியது?"

"ஹெலிகொப்டர்."

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். "நல்ல பழக்கம். உங்களை உயிரோடு வைத்திருக்கிறது. இங்கே மட்டும் வேண்டாம்."

எனக்கு ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் பெரிய நிம்மதி. குழல் கோணலென்றால் அதை யாரோ நிமிர்த்த வேண்டும். குனிகிறது நான் என்றால், அது என் கையில் உள்ள காரியம்.

அதன்பின் மறுசோதனை வரை கிடைத்த நேரமெல்லாம் சுடும் கூடத்தில் நின்றேன். உண்மைத் தோட்டாவையும் பொய்த் தோட்டாவையும் எனக்குத் தெரியாமல் கலந்து தருவார். எது எப்போது வரும் என்று தெரியாது. விசையை மெதுவாக, மிக மெதுவாக அழுத்த வேண்டும். "வெடி உங்களையே ஆச்சரியப்படுத்த வேண்டும்," என்பார். பொய்த் தோட்டா டிக் என்னும் ஒவ்வொரு தரமும் குனிந்து, துப்பாக்கியின் மூக்கால் தரையைக் குத்தப் போகிற ஒரு நடுவயது மனிதனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் நின்று சுட்டவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு நிமிர்ந்தது. கண்ணும் திறந்தே இருக்கப் பழகியது. விசையைப் பற்றி அந்த அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டேன். தெருவில் கொண்டு திரிகிற பிஸ்டலுக்குப் பாரமான விசைதான் நண்பன் என்றார். மனைவி சொன்ன அதே கதை, பாண் மட்டும் இல்லை.

"றப்பர் பிடி வேண்டுமானால் போடலாம்," என்றார் கடைசியில். "அதனால் கெடுதல் இல்லை."

உண்மையைச் சொன்னால், குனியாமல் சுடப் பழகியதைவிட, அந்த றப்பரை வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு அதிக பலம் தேவைப்பட்டது. கை கூசியது. ஆனாலும் சொன்னேன்.

வண்டியில் மன்னார்ப் பெடியனுக்கு அது தாங்கவில்லை.

"ஒண்டுமே மாத்தேல்லையோ?"

"ஒண்டுமில்லை."

"ஒரு பச்சைப் புள்ளியாவது, அண்ணை? ஒரு சின்னப் புள்ளி?"

"வேண்டாமடா."

"நீங்கள் யாழ்ப்பாணம்தானோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு," என்று சொல்லி, பாலத்தில் வண்டியை ஏற்றினான்.

மறுசோதனையில் தேறினேன். துளைகளெல்லாம் வட்டத்துக்குள் இருந்தன. ஒன்று மட்டும் பழைய சிநேகிதத்தில் இடப்பக்கக் கீழ் மூலைக்குப் போயிருந்தது. அதன்பின் சில வருடம் அந்த வண்டியில் வேலை செய்தேன். சுடும் கூடத்தைத் தவிர வேறெங்கும் பிஸ்டலை உறையில் இருந்து எடுக்க நேரவில்லை. வேலையை விட்ட அன்று, ஒரு ஆணிகூட மாற்றாமல், தந்தபடியே அதைத் திருப்பிக் கொடுத்தேன்.