ஆறு மணி வரை உபவாசம்

எங்கள் சபையில் உபவாச நாள் வெள்ளிக்கிழமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது ஒரு வியாழக்கிழமை நடந்தது.

கோடைக்கானலில் எங்கள் சபைப் பெண்களுக்கு வியாழன்தோறும் வீட்டு ஜெபக் கூட்டம் உண்டு. வாரம் ஒரு வீடு. நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஐந்துக்குள் முடிந்துவிடும். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபக் குறிப்பு, ஜெபம், பிறகு காப்பி. ஜெபக் குறிப்பு என்றால் யாருக்காக என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வது. கம்பவுண்டர் மனைவி சொன்னால் அது ஊர்க்கதை.

"பேரு சொல்லக் கூடாது. லேக் பக்கத்துல ஒரு வீடு, அதுல ஒரு பொண்ணு, மூணு மாசமா கோயில் பக்கமே காணோம். நாம பாரத்தோட ஜெபிக்கணும்" என்பார்.

பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் பெயர் தெரிந்துவிடும். கண்ணை மூடுவதற்கு முன் ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பாரத்தோடு ஜெபிப்பார்கள். காப்பி வரும்போது பாரமெல்லாம் இறங்கி முகம் தெளிந்திருக்கும்.

என் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்குப் போவாள். அவள் வேலை பங்களாக்களில் கக்கூஸ் கழுவுவது. சீசனில் ஆறு பங்களா, மற்ற மாதங்களில் மூன்று. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் அவள் இடம் கதவோரம், பாயின் கடைசி. காப்பி அவளுக்கும் உண்டு. ஒரு வீட்டில் காது உடைந்த பீங்கான் கோப்பை, இன்னொரு வீட்டில் நசுங்கிய அலுமினிய டம்ளர். வெளியே படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, தானே கழுவி, எடுத்த இடத்தில் கவிழ்த்து வைப்பாள். எந்த வீட்டில் தன் பாத்திரம் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

எனக்கு மட்டும் முக்காலி போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான்தான். பத்து வயதிலிருந்து கூட்டத்தில் வேத வாசிப்பு என் பொறுப்பு. அந்தப் பெண்களில் பாதிப் பேர் தடவித் தடவி வாசிப்பவர்கள். நான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடினமான பெயர்களைக்கூடச் சறுக்காமல் வாசிப்பேன். "மணி மணியா வாசிக்கிறா பாருங்க" என்பார் பாஸ்டர் அம்மா. வாசித்து முடித்ததும் நான் முக்காலியை விட்டு இறங்கி அம்மா பக்கத்தில் கதவோரம் போய்விட வேண்டும். அப்படிச் செய்யச் சொன்னவர்கள் யாருமில்லை. யாரும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டால் மட்டும் எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடிப்பவள்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மலைக்குக் கீழே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. அன்றைக்கே அம்மா தன் ஆசையைச் சொன்னாள்.

"நீ கீழ எறங்குறதுக்கு முன்னால நம்ம வீட்டுல ஒரு ஜெபம் வைக்கணும்."

"அவங்களாவது நம்ம தெருவுக்கு வர்றதாவது. விடும்மா."

"கூப்பிட்டாத்தான தெரியும். பதிமூணு வருசமா எல்லாரு வீட்டுலயும் நான் போய் ஒக்காந்துட்டேன். ஒரே ஒரு நாளு அவங்க என் வீட்டுல ஒக்காரட்டும். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு ஒன்னைய வழியனுப்பட்டும். அம்புட்டுத்தான் கேக்கேன்."

பாஸ்டர் அம்மாவிடம் போய்க் கேட்டாள். "ஆண்டவருக்குச் சித்தமானா வைப்போம்" என்றார் அவர். முடியாது என்று தங்கள் வாயால் சொல்லக் கூச்சப்படும்போது இவர்கள் அதை ஆண்டவர் தலையில் வைத்துவிடுவார்கள். ஆண்டவருடைய சித்தம் மூன்று வாரம் இழுத்தது. நான் கிளம்புவதற்கு முந்தின வியாழன் கடைசியில் கிடைத்தது.

அந்த வாரம் அம்மா பட்ட பாட்டைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. தகரக் கூரை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். விறகு பிளக்கும் வேலைக்குப் போன இடத்திலிருந்து அப்பா தாண்டிக்குடிக் காப்பிக்கொட்டை வாங்கி வந்தார். அதை வறுத்து இடித்தாள். பட்டர் பீன்ஸ் வேகவைத்துச் சுண்டல் தாளித்தாள். எங்கள் வீட்டில் இருந்தது மூன்று டம்ளர். எதிர்வீட்டு அத்தை தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தா புள்ள, எண்ணி வாங்கிக்க. எட்டு. ஒங்க சபைக்காரம்மாமார் வெரசாக் குடிச்சிட்டு வெரசாப் போகச் சொல்லு. ஒரு கீறல் விழுந்தாலும் ஒங்க ஆண்டவரத்தான் வந்து கேப்பேன்" என்றாள். அத்தை பழனிக்கு மாலை போடுகிறவள். கொடுத்த பொருளுக்கு வேறு எந்த நிபந்தனையும் அவள் போடவில்லை.

வியாழன் மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. நாலேகாலுக்குச் சபைப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். எங்கள் சந்தில் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆற்றைக் கடப்பவர்கள் மாதிரி வரிசையாக வந்தார்கள். புதுப் பாயில் அவர்கள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் பாய்க்கு வலிக்குமோ என்று பயந்ததுபோல் இருந்தது. பாட்டுப் பாடினோம். நான் வாசித்தேன். ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்து அடுப்பில் பாலை ஏற்றினாள். காப்பி மணம் வந்தது. நல்ல மணம்.

பாஸ்டர் அம்மா மற்றவர்களைப் பார்த்தார். பிறகு அன்பாகச் சிரித்தார்.

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. நாங்க எல்லாரும் இன்னைக்கு உபவாசம்."

ஆறு தலைகளும் ஒன்றாக ஆடின. வரும் வழியில் எங்கோ நின்று பேசி முடித்திருக்கிறார்கள்.

"பச்சத் தண்ணிகூட வாயில வைக்கல" என்றார் கம்பவுண்டர் மனைவி. அவர் வாயில் ஏலக்காய் மணந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். போன வாரம் ஹெட்கிளார்க் வீட்டில் பிளம் கேக்கை இரண்டாவது துண்டு யார் யார் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"எம் புள்ளைக்காகவாம்மா உபவாசம் இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் முகம் விரிந்துவிட்டது.

பாஸ்டர் அம்மா கொஞ்சம் தடுமாறினார். "ஆ... ஆமா. பிள்ளைக்காகத்தான்."

"எம்புட்டு நேரம் வரைக்கும்மா?"

"ஆறு மணி வரைக்கும்."

அப்போது மணி ஐந்து ஆகவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்ன நேரம் அது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. "உபவாசத்தப் பாதியில விட்டுப்புட்டுப் போகக் கூடாது. முடியிற மட்டும் இங்ஙனயே இருங்க. கடைசி ஜெபம் வீட்டுக்காரி பண்றதுதான? நாம்பண்றேன்."

பால் சட்டியை இறக்கிச் சாம்பலோரம் வைத்துவிட்டு வந்து முழங்கால் போட்டாள். வீட்டுக்காரி முழங்காலில் நின்றால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

அம்மா கூட்டத்தில் வாய்விட்டு ஜெபித்து நான் அதுவரை கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கோயில் தமிழ் வராது. ஆண்டவரிடம் ஆள் பக்கத்தில் நிற்பதுபோல் பேசினாள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் பங்களாக்களை எடுத்தாள். ஒவ்வொரு பங்களாவாகப் போனாள். கான்வென்ட் ரோடு சமையல்காரருக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை என்று சொன்னாள். மேட்டுப் பங்களா துரைசானியம்மாள் விடிகாலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், ஏன் என்று நீர்தான் அறிவீர், நான் வாளிச் சத்தம் போடாமல் திரும்பிவிடுகிறேன் என்றாள். அடுத்தது பஸ் டிரைவர்கள்; மலையேறும் காட் ரோட்டில் மூடுபனியில் அவர்களுக்குக் கண் தெரிய வேண்டும். மேல்மலையில் பூண்டு போட்டவர்களுக்கு மழை அளவாகப் பெய்ய வேண்டும். டம்ளர் கொடுத்த எதிர்வீட்டு அத்தைக்கு முட்டுவலி தீர வேண்டும். நடுவில் ஹெட்கிளார்க் மனைவி இரண்டு தடவை உரக்க "ஆமென்" சொல்லிப் பார்த்தார். அம்மா அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டு மேலே போனாள். அவர் கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன். நான் கண்ணை மூடவில்லை.

அவள் புதிதாக எதுவும் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. இது தினமும் நடப்பது. வெள்ளனே எழுந்து பங்களா பங்களாவாக வாளியும் துடைப்பமுமாகப் போகும் வழியில் அவள் முணுமுணுப்பதை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் கூடப் போகிற நாட்களில் யாராவது தெரிந்தவர்கள் எதிரே வந்தால் பத்தடி தள்ளி நடந்திருக்கிறேன். கக்கூஸ் கழுவுவது அவளுக்குக் கூலி வேலை. அந்தந்த வீட்டுக்காக ஜெபிப்பதைத்தான் அவள் தன் சோலியாக வைத்திருந்தாள். அந்த மலையில் அத்தனை பேரையும் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் ஒருவரைப் பற்றியும் ஒரு கதைகூட எங்களிடம் சொன்னதில்லை.

பிறகு பாயில் இருந்த ஏழு பேரையும் எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு தேவையைச் சொன்னாள், பட்டும் படாமல். கம்பவுண்டர் மனைவிக்கு வந்தபோது, "அக்காவோட மூத்த மவன் பம்பாயிலருந்து கடுதாசி போடணும் ஆண்டவரே. அந்தத் தாயி தபால்காரன் போன பெறகும் வாசல்லயே நிக்கிது" என்றாள். கம்பவுண்டர் மனைவி மூக்கை உறிஞ்சினார். பனிக்குச் சளி பிடித்திருக்கலாம்.

கடைசியில் நான்.

"எம் மவளுக்கு மண்டக்கனம் சாஸ்தி. ஒமக்குத் தெரியும். அதக் கொஞ்சம் கொறைச்சு விடும். ரொம்பக் கொறைச்சிறாதேயும் ஆண்டவரே, அங்ஙன அவளுக்கு அது தேவைப்படும்."

யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. என் காது சுட்டது.

அதன்பின் கத்தோலிக்கக் கோயிலில் ஆறு மணி அடித்தது. அம்மா அந்தக் கோயிலையும் ஆசீர்வதிக்கச் சொல்லிவிட்டு ஆமென் சொன்னாள். ஏழு பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் டம்ளர்கள் வந்துவிட்டன.

"உபவாசம் முடிஞ்சிருச்சும்மா. வெறும் வயித்தோட போகக் கூடாது."

ஹெட்கிளார்க் மனைவி, வீட்டில் தேடுவார்கள் என்று செருப்பில் கால் நுழையாமலே ஓடினார். இன்னொருவரும் அவர் பின்னாலேயே. பாஸ்டர் அம்மா மருந்து குடிப்பவர்போல் டம்ளரை எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்கள் எடுத்தார்கள். ஒருவர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பார்த்துக் கொதிக்கிற காப்பியைத் தாடையில் ஊற்றிக்கொண்டார். எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. கம்பவுண்டர் மனைவி மட்டும் முழுவதும் குடித்தார். சுண்டலையும் தின்றார். கிளம்பும்போது என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

அவர்கள் போனதும் நான் அம்மாவிடம் திரும்பினேன்.

"உபவாசம்னு சொன்னது பச்சப் பொய். ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

அம்மா டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "என்ன பொய்யி? ஒரு மணி நேரத்துக்கு மேல பட்டினி கெடந்தாங்கள்ல. ஒனக்காக ஜெபமும் பண்ணுனாங்க. பெறகென்ன பொய்யி?"

"அஞ்சு பேருதான் குடிச்சாங்க."

"அஞ்சு பேரு குடிச்சாங்க" என்றாள் அம்மாவும். அதே வார்த்தைதான். அவள் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது.

பயிற்சி முடிந்து இப்போது அய்யம்பாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறேன். அந்த ஏழு பேரும் கூட்டமாக எங்கள் தெருவுக்கு அப்புறம் வரவேயில்லை. ஆண்டவருக்குச் சித்தமில்லை போலிருக்கிறது. கம்பவுண்டர் மனைவி மட்டும் வருகிறாராம், தனியாக, மத்தியான வேளையில், பின்பக்கச் சந்து வழியாக. மகனுக்காக ஜெபிக்கச் சொல்லி அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறாராம். கிறிஸ்துமஸுக்குப் போனபோது அம்மா சொன்னாள்.

"நேர் வழியா வர்றதுக்கு என்ன கேடு?" என்றேன்.

"வர்றாள்ல" என்றாள் அம்மா. "நீயும் அவளுக்காக ஒரு வார்த்தை கேளு. மத்தவங்களுக்கும் கேளு. ஒன்னைய அனுப்பி வச்சவங்க அவங்க."

அவர்கள் ஒன்றும் என்னை அனுப்பவில்லை. ஆனாலும் பள்ளிக்கு நடக்கும் வழியில், முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி முடித்த பிறகு, அந்த ஏழு பேரையும் சொல்கிறேன். பிள்ளைகளுக்காகக் கேட்பது சுலபமாக வருகிறது. அதைக் கேட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இவர்களுக்காகக் கேட்பதுதான் வாயில் கல்லைப் போட்டு மெல்வதுபோல் இருக்கிறது. ஹெட்கிளார்க் மனைவியின் பெயர் வரும்போது சில நாள் நின்றுவிடுகிறேன். கொஞ்ச தூரம் சும்மா நடந்துவிட்டுப் பிறகு சொல்கிறேன்.