மூன்று வண்டிகளும் அப்பாவின் இடது காலும்

எர்ணாகுளத்தில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று கூபே. இரண்டே கதவு. முன்கண்ணாடியின் உச்சியில் தொடங்கும் கூரை எங்கும் தயங்காமல் வால் வரை ஒரே வீச்சில் சரிந்து இறங்கும். இன்னொன்று கூரை மடங்கும் வண்டி. பட்டனை அமுக்கினால் துணிக்கூரை சுருண்டு பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்றாவது ஹேட்ச்பேக். எஞ்சினில் மற்ற இரண்டுக்கும் குறைந்ததில்லை, உடம்புதான் குட்டை. பின்பக்கம் கத்தியால் நறுக்கியது போல் நிமிர்ந்து நிற்கும். நான்கு கதவுகளோடு, பின்னால் மேலே தூக்கித் திறக்கும் பெரிய கதவு ஒன்று.

வாகன உதிரிபாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. அதனால் இவற்றின் நல்லது கெட்டது எனக்குத் தெரியும். கூபேயின் சரிவு காற்றை வெட்டும், பின்னால் உட்காருகிறவரின் தலையையும் இடிக்கும். இரும்புக் கூரை இருப்பதால் வளைவுகளில் வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளாது. கூரையை எடுத்துவிட்ட வண்டிக்கு அந்த உறுதியைத் தரையில் இரும்பு சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும், எடை கூடிவிடும். ஹேட்ச்பேக்கில் ஆளும் ஏறலாம், மூட்டையும் ஏறும். இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கண் கூபேயை விட்டு நகரவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் வரைந்ததெல்லாம் அந்த ஒரு கோட்டைத்தான்.

மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவில் இருந்தார். முந்தைய வருடம் பக்கவாதம் வந்து, இடது கால் மடங்காமல் போயிற்று. அன்று நான்கு பேர் அவரைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்படியேதான். ஒருமுறை திரும்பி வந்ததும், "கொழுந்துச் சாக்கத் தூக்கிப் போடுத மாதிரி போடுதானுவ," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வண்டி எடுத்தா நானே ஏறி முன்னாடி உக்காருவேன். ஒருத்தன் கையும் வேண்டாம். அப்பிடியே மூணாறு கோயிலுக்குப் போவோம்," என்றார். எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில்.

அதற்காகத்தான் வண்டியே. ஆனால் படங்களைக் காட்டப் போன அன்று அதை நான் முதலில் நினைக்கவில்லை. கூபேயின் படத்தை முதலில் காட்டினேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். கூரை மடங்கும் வண்டியின் படம் வந்ததும் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு எங்கய்யா கூரை?"

"மடக்கி வச்சிருக்கும்மா."

"கொழுந்து டிராக்டருக்கே தார்ப்பாய் போடுதானுவ. காசு குடுத்து நனையப் போறியா? வருசத்துல பாதி நாள் மழ."

அப்பா சிரிக்கவில்லை. விரலால் படத்தைத் தள்ளி மறுபடி கூபேக்கே வந்தார். "இதான் வண்டி. இத எடு. சீட்டு எவ்வளவு ஒசரம்?"

"தரையிலேர்ந்து ஒரு முழம் கூட வராதுப்பா." சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் தன் கையை நீட்டி ஒரு முழம் அளந்து பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் ஊருக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். தேயிலை அடைக்கும் பழைய பிளைவுட் பெட்டி ஒன்றை, நான் சொன்ன அந்த உயரத்துக்கு, ஒரு முழத்துக்கும் குறைவாக அறுத்துக் கவிழ்த்திருந்தார்கள். அப்பா அதற்கு முதுகு காட்டி நின்று, கம்பை ஊன்றி, இடது காலை முன்னால் நீட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தார். கடைசி நாலு விரல் உயரத்தைப் பிடிக்க முடியாமல் பொத்தென்று விழுந்தார். அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜீப் ஓட்டும் மாமா சுவரில் சாய்ந்து நின்றார். பெட்டியை அறுத்துக் கொடுத்தவர் அவர்தான். "பாருலே மாப்ள, ஒங்கப்பன் பள்ளிக்கொடம் போவாம தப்பிச்சாம்லா? அந்தத் தோப்புக்கரணம் பூராவும் இப்பப் போடுதான்."

"நீ மட்டும் போனியோ?" என்றார் அப்பா, பெட்டியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு. "எட்டு வருசம் மாடு மேச்சவன்தான நீ?"

"மாடு மேச்சாலும் என் காலு மடங்குது மச்சான்."

அப்பா கம்பைப் பிடித்து எழுந்தார். தொடை நடுங்கியது. அன்று மாலை அவர் இடுப்பில் எண்ணெய் தேய்க்கும்போது உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். "ரெண்டு தடவ சாய்ஞ்சிட்டாரு," என்றாள் அம்மா. "ஒங்கிட்டச் சொல்லக்கூடாதாம்."

வேறு வண்டி பார்க்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பழகி முடித்துவிடுவார் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. அப்படியானால் கூபே எனக்குக் கிடைக்கும்.

மறு மாதம் பரிசோதனைக்கு அப்பா எர்ணாகுளம் வரவேண்டியிருந்தது. மாமாவின் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி முடிந்ததும் மூவரும் யார்டுக்குப் போனோம்.

விற்பனைப் பையன் கூபேயின் கதவைத் திறந்தான். நீளமான கதவு, வாசல் அகலம். நான் கணக்குப் போட்டு வைத்திருந்த வசதி அதுதான். அப்பா கம்பை மாமாவிடம் கொடுத்தார். லயத்தில் செய்தது போலவே முதுகு காட்டி நின்று, காலை நீட்டி, இறங்கினார். கூரையின் விளிம்பு அவர் பின்மண்டையில் இடித்தது.

பெட்டிக்குக் கூரை இல்லை. நாங்கள் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. ஜீப், டிராக்டர், லாரி என்று எங்கள் ஆட்கள் ஆயுள் முழுக்கப் பின்பக்கமாக மேலே ஏறித்தான் பழகியவர்கள். பக்கவாட்டில், குனிந்து, கீழே இறங்கும் வண்டியில் அப்பா ஒருநாளும் ஏறியதில்லை. வண்டியை அங்குலம் அங்குலமாக வரையத் தெரிந்த நானும் இருக்கையின் உயரத்தை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மறுபடி தலையைக் குனிந்து முயன்றார். உட்கார்ந்துவிட்டார். ஆனால் நீட்டிய கால் உள்ளே வரவில்லை. திரும்புவதற்கு இடமில்லாமல் கதவுத்தூணில் முட்டி நின்றது. இரு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்தார். பையன் குனிந்து அவர் கையடியில் பிடிக்கப் போனான்.

"தொடாத," என்றார் அப்பா. கூரை விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்துகொண்டார்.

"சேட்டா, மெல்லெ... ஓப்பன் வண்டியில கேறி நோக்காம். தல இடிக்காது," என்று மலையாளம் கலந்து, கூரை மடங்கும் வண்டியில் ஏறிப் பார்க்கச் சொன்னான் பையன்.

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. கூரையை மடக்கியதும் அப்பா தலையைக் குனியாமல் நிமிர்ந்தபடியே உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்து, காலை மேலே தூக்கி உள்ளே போட்டார். முகத்தில் வெயில் விழுந்தது. ஒரு நிமிடம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எழும்போதுதான் முடியவில்லை. கம்பை ஊன்ற இடமில்லை, பிடித்து எழக் கூரையும் இல்லை. மூன்று தடவை முயன்றார். கடைசியில் மாமாவும் பையனும் இரு பக்கமும் கைகொடுத்துத் தூக்க, சட்டை மேலேறி வயிறு தெரிய, வெளியே வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். மாமா அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை.

ஹேட்ச்பேக்கின் கதவை நானே திறந்தேன். இருக்கை அவர் தொடையளவு. கூரையும் உயரம். ஒரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, உட்கார்ந்து, காலை இரு கைகளாலும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அதேபோல் வெளியே வந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

வண்டியைச் சுற்றி நடந்து அதன் நிமிர்ந்த பின்பக்கத்தைப் பார்த்தார். "நல்லா இல்லலே," என்றார்.

"பரவாயில்லப்பா."

"நீ இப்பவும் அதத்தான் பாக்க." கூபே எனக்குப் பின்னால் நின்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது. "அதயே எடு. நான் இன்னும் ரெண்டு மாசம் பழகுதேன்."

"வேண்டாம்."

"எனக்காவ விட்டுட்டோம்னு பின்னாடி நெனப்பியா?"

மாட்டேன் என்பது வாய் வரைக்கும் வந்தது. கன்றிப்போன அந்த இடுப்பை அவர் மறைத்து வைத்தது போல் இதை நான் மறைக்கக்கூடாது என்று பட்டது. "நெனப்பேன்ப்பா. கொஞ்ச நாளைக்கு நெனப்பேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை. "சரி," என்றார். "பையனக் கூப்பிடு."

நெனப்பேன் என்று சொன்னது பொய்யாகவில்லை. அடிமாலி வளைவுகளில் ஒரு கூபே முந்திப்போனால் இன்றைக்கும் அதன் முதுகு மறையும் வரை என் கண் போகும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் ஞாயிறு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அப்பா லயத்து வாசலில் நின்றார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். அம்மா ஏற்கனவே பின்னால் ஏறி வேதப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். அப்பா கதவின் மேல்விளிம்பைப் பிடித்தார், உட்கார்ந்தார், காலை எடுத்து வைத்தார். நான் கதவைச் சாத்தக் கை நீட்டினேன்.

"கைய எடுலே," என்றார்.

தானே இழுத்துச் சாத்தினார். அது சரியாக விழவில்லை. திறந்து, இன்னும் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினார்.