இரண்டு கரண்டி சீனி

1996 ஜூலை 13, சனிக்கிழமை. அப்பா விடியற்காலையில் எழுந்து பலெர்மோவின் பொலிதேயாமா அரங்குப் பக்கத்துக் கட்டடங்களின் படிகளைக் கழுவிவிட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்பினார். அம்மா தான் வேலை செய்யும் இத்தாலியப் பெண்மணியான சிஞ்ஞோராவின் வீட்டில் அரை நாள் வேலையை முடித்து, வரும் வழியில் மீன் வாங்கி வந்தார். அப்போது எட்டு வயதான நான் கீழே பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கினேன். மதியம் சோறும் மீன் குழம்பும். பிறகு யன்னல் கதவுகளைச் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிட்டுப் படுத்தோம். தெற்கிலிருந்து சுடுகாற்று வீசும் நாட்களில் நாங்கள் இருந்த கால்சாப் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மற்றெல்லாச் சனிக்கிழமைகளையும் போன்ற சனிக்கிழமைதான். மாமா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார் என்பது மட்டுமே புதிது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கோடையில் அங்கே லீவு என்ற சொல்லையே எவரும் உச்சரிக்க மாட்டார்கள். ஓகஸ்ட் முழுவதும் ஓய்வில்லாமல் நிற்பதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்து, இரண்டு நாள் விடுப்பு வாங்கியிருந்தார். மறுநாள் மதியம் மாமி வருகிறார்.

அந்த மாமியை நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பதிவுத் திருமணம் முடிந்த கையோடு மாமா இத்தாலிக்குப் புறப்பட்டு வந்துவிட்டார். அதன் பிறகு நான்கு வருடங்கள். மாமி சண்டைக்குள் இடம் இடமாக ஓடி, கடைசியில் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். இந்த மாதம், அடுத்த மாதம் என்று அந்த விசா தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் எதற்கும் ‘மாமி வந்த பிறகு’ என்று சொல்லப் பழகிவிட்டோம். புதுத் திரைச்சீலை மாமி வந்த பிறகு. படம் எடுப்பது மாமி வந்த பிறகு.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் பியர் வந்தது.

சிஞ்ஞோராவின் கணவர் பொழுதுபோக்காக வீட்டில் பியர் செய்பவர். வைத்தியர் குடிக்கக் கூடாது என்று சொன்னதும், சிஞ்ஞோரா அந்தச் சாமான்களை எல்லாம் அம்மாவின் தலையில் கட்டிவிட்டார். மூடியுள்ள பெரிய வாளி, போத்தலுக்குத் தகர மூடி அழுத்தும் கருவி, இரண்டு டின் மால்ட் பாகு. அம்மா அவற்றைக் குப்பையில் போடத்தான் நினைத்தார். மாமா வாசலிலேயே மறித்துவிட்டார்.

“உது என்னடா தம்பி, சாமானோ சனியனோ?”

“பியர் அக்கா. இஞ்சை பெரிய ஆக்கள் எல்லாம் பொழுது போகிறதுக்குச் செய்யிறவை.”

“உனக்குப் பொழுது போகேல்லையோ? வா, வந்து பாத்திரம் கழுவு.”

“பொழுது போகேல்லைத்தான் அக்கா,” என்றார் மாமா. அம்மா சாமிப்படம் இருக்கும் அறைக்குள் மட்டும் அந்த வாளி வரக்கூடாது என்றார்.

மாமா பாகைக் காய்ச்சித் தண்ணீரில் கலந்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி மூடினார். மூடியில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாய் ஒன்று நின்றது. மறுநாள் காற்றுக் குமிழ் ஒன்று வெளியேற, அது ‘பொளக்’ என்றது. சிறிது நேரத்தில் இன்னொரு ‘பொளக்’. மாமா வேலையால் வந்ததும் சட்டை மாற்றாமல் அந்த வாளிக்கு முன்னால் குந்தியிருப்பார். அப்போது அவரோடு கதைத்தால் பதில் வராது. அப்பா இதைப் பார்த்துவிட்டு, “மச்சான் வாளிக்குள்ளை ரேடியோ கேக்கிறார்,” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா டெலிபோன் கூண்டுக்குள் நின்று கொழும்புக்குக் கதைக்கும்போது நானும் உள்ளே நெருக்கியடித்து நிற்பேன். ஒருமுறை பியர் செய்வதைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் மாமி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

“எனக்கும் ஒரு வாய் வையுங்கோ. இனிக்குமோ?”

“இனிக்கும்,” என்றார் மாமா, யோசிக்காமல்.

அது இனிக்கவில்லை. போத்தலில் அடைக்கும் நாளில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தவரின் முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் போனது. அடைக்கும்போது ஒவ்வொரு போத்தலுக்கும் அரைக் கரண்டி சீனி போடவேண்டும், அதற்கு மேல் போடவே கூடாது என்று சிஞ்ஞோரா அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா அதைக் கேட்டுச் சிரித்தார்.

“அரைக் கரண்டியோ? உவை கோப்பியையே கறுப்பாய்க் குடிக்கிற ஆக்கள். எங்கடை தேத்தண்ணிக்கே மூண்டு கரண்டி வேணும்.”

கடைசியில் நடுவாக ஒரு கணக்குப் போட்டு, போத்தலுக்கு இரண்டு கரண்டி போட்டார். நான் புனல் பிடித்தேன். மாமிக்கென்று ஒரு போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். எல்லாவற்றையும் தன் கட்டிலுக்குக் கீழே, சுவர்ப்பக்கமாக அடுக்கினார். அந்தச் சுவர்ப்பக்கம் மாமி படுக்கப் போகும் பக்கம். அங்கே புதுத் தலையணை ஒன்று உறை கழற்றாமல் பல மாதங்களாகக் கிடந்தது.

இப்போது நானும் வீட்டில் பியர் செய்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு வந்த பழக்கம். எனக்கு எல்லாம் அளவோடு இருக்க வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் ஈஸ்ட் போடுவேன், கோடையில் தொடவே மாட்டேன். போத்தலுக்குள் போடும் சீனி இனிப்புக்கானது அல்ல. அதை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். தின்றதெல்லாம் காற்றாகி, வெளியே போக வழியில்லாமல் மூடிக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் நுரை. இரண்டு கரண்டி சீனியும் பலெர்மோவின் ஜூலை மாதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணியிருக்கும். முதல் போத்தல் வெடித்தது.

நான் மேசையடியில் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சத்தத்துக்குத் திரும்புவதற்குள் அம்மா என் மேல் இருந்தார். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. என் முகம் தரையில் அழுந்தியது. அவருடைய உள்ளங்கை என் காதை மூடியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு, மூன்று. கண்ணாடி சுவரில் பட்டுத் தெறிக்கும் ஓசை. ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா கட்டிலில் இல்லை, அதன் அடியில் இருந்தார். அவர் கண்கள் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மாமா நடையில் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் பிடரியில். வாய் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது. அவர் ஏதோ பகிடி சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்து நான் காத்திருந்தேன். குண்டு விழும்போது காதுச் சவ்வு கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பழக்கியிருந்தார்கள். மூன்று வயதில் இங்கே வந்த எனக்கு அது தெரியாது. மூவரும் சொல்லிவைத்தாற்போல் படுத்த விதம், எனக்குச் சொல்லித்தராமல் இவர்கள் விளையாடிப் பழகிய ஒரு விளையாட்டுப் போலிருந்தது.

பிறகு மாமாவின் அறைக் கதவுக்குக் கீழாக நுரை மெல்ல நகர்ந்து வந்தது. ஈரப் பாண் வாசம்.

அப்பாதான் முதலில் சிரித்தார், கட்டிலுக்குக் கீழே இருந்தபடியே. “மச்சான், நீ உதை அங்கை இருக்கேக்கை செய்திருக்க வேணும். இஞ்சை வந்து வீணாக்கிப்போட்டாய்.”

மாமாவும் சிரித்தார். தரையில் புரண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் எழுந்து சேலையை உதறிக்கொண்டு நின்றார்.

“சிரிக்காதையுங்கோ. நாளைக்கு அந்தப் பிள்ளை உந்தக் கட்டிலிலைதான் படுக்கப்போகுது.”

மாமாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஈரத் துவாயால் போத்திக்கொண்டு, மீந்திருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துப் பால்கனிக்குக் கொண்டுவந்தார். அப்பா பெரிய சோற்றுப் பானையின் மூடியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு முன்னே நின்றார். போத்தல் மூடியை நெம்பியதும் பியர் ஒரு பனை உயரத்துக்குச் சீறியது. பாதி வாளிக்குள், பாதி கம்பிக்கு வெளியே. கீழ்வீட்டு இத்தாலியப் பழக்காரர் தலையை நீட்டி, மழையே பெய்யாத ஜூலையில் பியர் மழை பெய்கிறதே, கிளாஸ் எடுத்து வரட்டுமா என்று கத்தினார். வழக்கமாக அவருக்குப் பதில் பகிடி விடும் மாமா அன்று அடுத்த போத்தலை எடுக்கப் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. “மாமா, ஏன் ஊத்திறீங்கள்? மாமிக்கு வேணுமெல்லோ?”

“மாமிக்குத்தான் பிள்ளை ஊத்திறன்.”

சிவப்பு நூல் கட்டிய போத்தலைக் கடைசியாகத் திறந்தார். அதில் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “சீனியெல்லாம் எங்கை போச்சுது?” என்று கேட்டார். அதையும் வாளியில் ஊற்றினார்.

பின்னேரம் அம்மாவும் மாமாவும் கட்டிலை நகர்த்திக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அப்போதுதான் அம்மா யன்னலைப் பார்த்து நின்றுவிட்டார். எங்கள் யன்னலில் இருந்து கடற்கரை தெரியும். அங்கே ஆட்கள் மறுநாள் இரவின் வாணவேடிக்கைக்கு மரச்சட்டங்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா. ஊர் முழுவதும் கடற்கரைக்கு வரும். நாங்களும் அந்த அம்மனுக்கு நேர்த்தி வைத்து, மலையில் இருக்கும் கோயிலுக்கு ஏறுகிறவர்கள்தான். எனக்கு வருடத்திலேயே பெரிய நாள் அது. மாமியைப் பால்கனியில் முன்கதிரையில் இருத்தி, ஒவ்வொரு வாணத்துக்கும் பெயர் சொல்லிக் காட்டுவதாக நான் ஏற்கனவே தீர்மானித்திருந்தேன்.

“வாணம் விடுவினம் எண்டு முன்னமே சொல்லி வைச்சால் என்ன? அவ சின்னப்பிள்ளையே?” என்றார் அப்பா.

“சொன்னால் காது கேக்கும். கால் கேக்குமோ?” என்றார் அம்மா.

எல்லோரும் என்னைவிட்டு விலகி எங்கோ போய்விட்டதுபோல் இருந்தது. அம்மா ஒவ்வொரு வருடமும் வாணம் விடும் நேரத்தில்தான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவார் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்குப் பாத்திரம் கழுவி முடியாது, அதனால் வாணம் பார்க்கக் கிடைப்பதில்லை என்று மட்டும்தான் அதுவரை பரிதாபப்பட்டிருந்தேன்.

மாமாவும் மாமியும் சில வருடங்களில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பின்னால் போனார்கள். நான் இதே ஊரில் இருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பியர் அடைக்கும்போது அவர்களுக்கென்று இரண்டு போத்தல் தனியாக எடுத்து வைக்கிறேன். இந்தக் கோடைக்கு வாறம் என்கிறார்கள். கோடை வரும், அவர்களுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். வாளி ‘பொளக்’ என்னும்போது அதன் முன்னால் சற்று நேரம் உட்காருகிறேன். இப்போது யாராவது என்னோடு கதைத்தால் நானும் பதில் சொல்வதில்லை.

போத்தல் வெடித்த மறுநாள் காலை மாமா முதலில் செய்தது, என்னைத் தட்டி எழுப்பிக் கீழ்வீட்டுக்குக் கூட்டிப்போனது. விமான நிலையத்துக்குப் புறப்பட இன்னும் வெகு நேரம் இருந்தது. பழக்காரர் தன் மூன்று சக்கர வண்டியில் பீச்சுப்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் இத்தாலியன் உணவகத்து வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. நான்தான் சொல்லவேண்டும்.

“இண்டைக்கு இரவு வாணச் சத்தம் கேக்காத ஒரு இடம் வேணும் எண்டு கேள். எவ்வளவு தூரமெண்டாலும் பரவாயில்லை எண்டு சொல்லு.”

சொன்னேன். பழக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். திருவிழா இரவில் சத்தம் கேட்காத இடம் கல்லறைதான், அங்கேயும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் தன் பழத்தோட்டத்தில் ஓர் அறை இருக்கிறது, கட்டில் மட்டும்தான், மின்சாரம் இல்லை, விமான நிலையத்திலிருந்து தானே நேராகக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார்.

மாமியை எனக்குக் காட்டாமலே கொண்டுபோகப் போகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. “மாமி ஏன் வாணம் பாக்கக் கூடாது?” என்று கேட்டேன்.

மாமா சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். “வெடி சும்மாவும் வெடிக்கும் எண்டு மாமிக்கு இன்னும் தெரியாது, பிள்ளை.”

இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடவா தெரியாது என்று, அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.