சூசை அண்ணையின் வெள்ளிக்கிழமை மீன்

சூசை அண்ணை மோசம் போய்விட்டார்.

நேற்றுக் காலை அவருடைய மனுசி ரீற்றா அக்கா ஃபோன் எடுத்து, "ஜெயா, உன்ர அண்ணை நித்திரையால எழும்பேல்லையடி..." என்றார்.

டென்மார்க்கில் எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ ஆட்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு... மன்னார்க்காரர். இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று பன்றி வெட்டியவர். காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தில்கூட வாய் ஓயாதவர்.

கிழமை முழுக்கப் பன்றி. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்தால் மட்டும் ஏரி. தூண்டில், ரீற்றா அக்கா, ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி... மனுசனுக்கு வேறொன்றும் வேண்டாம்.

குளிர் விட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடானால் அபோரெ மீன் கரைக்கு வரும். சிவப்புச் செட்டை, முதுகில் வரி, உள்ளங்கை அளவுதான். அக்கா தூள் பிரட்டிப் பொரித்தால் முள்ளும் மிஞ்சாது.

என்னையும் மீன்பிடி லைசன்ஸ் எடுக்க வைத்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த ஏப்ரல் வெள்ளியை எப்படி மறப்பேன்!

மொழிப் பரீட்சை பாஸ் பண்ணி, குடியுரிமைக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். ஒரு தண்டம் விழுந்தாலும் எல்லாம் பாழ் என்று ஆளுக்காள் வெருட்டி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை இறங்கும்வரை கையிலேயே பிடித்திருப்பேன்... அப்படி ஒரு பயம்.

என் தூண்டில்தான் இழுத்தது. அபோரெ என்று நினைத்தேன். வந்தது கெத்தெ! முதலை மூஞ்சி, வாய் முழுக்கப் பல்லு, என் கை நீளம். நான் கத்திய கத்தில் ஏரியில் இருந்த வாத்தெல்லாம் பறந்தது.

"அண்ணை, இதை வீட்ட கொண்டு போகலாமோ?"

"ஓமடி பிள்ளை! கார் நிப்பாட்டின இடத்தில போர்ட் போட்டிருக்கிறாங்கள். ஏப்ரல்ல கெத்தெ 'ஃப்ரேடா'வாம். தவக்காலமெல்லோ, இறைச்சி தின்னாத வெள்ளிக்கிழமையில பிடிக்கலாம். என்ன பக்தியான சனம் பார்!"

ஃப்ரேடா என்றால் டெனிஷில் வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் வெள்ளிதானே... நானும் நம்பினேன். மீன் பைக்குள் போனது.

கப் எடுக்கக் காருக்குப் போனபோதுதான் அந்த போர்டை நானே வாசித்தேன்.

ஃப்ரேடா இல்லை. ஃப்ரேடெத்.

முட்டை போடும் காலம், ஏப்ரல் முழுக்கப் பிடிக்கத் தடை. அகப்பட்டால் உடனே தண்ணீரில் விட வேண்டும்.

அதே நேரம் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு ஆள் இறங்கினார். மீன்பிடியைச் சோதிக்க வந்தவர்.

என்ர ஆண்டவரே... ஓடினேன்.

"அண்ணை, மீனை விடுங்கோ! அது வெள்ளிக்கிழமை இல்லை, தடை!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையோடு தூக்கிக்கொண்டு, சப்பாத்தும் கழற்றாமல், அந்தக் குளிர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

மீன் வயிறு மேலே பார்க்க மிதந்தது. செத்துப்போச்சு என்றே நினைத்தேன்.

அண்ணை அதன் வாலைப் பிடித்து, மற்றக் கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்துக்கொண்டே நின்றார். உதடு நீலம். அந்த ஓயாத வாயிலிருந்து ஒரு சத்தமில்லை.

அதிகாரி கரைக்கு வந்து எங்கள் லைசன்ஸ்களைப் பார்த்தார். தண்ணீரில் மிதந்த வெறும் பையைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார்.

"யார் பிடித்தது?"

"நான்" என்றேன். அதே நேரம் தண்ணீருக்குள் இருந்து அண்ணையும் "நான்" என்றார். பின்னால் ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ரீற்றா அக்கா, வாழ்க்கையில் தூண்டிலே தொடாத மனுசி, அவரும் "நான்"!

அந்த ஆள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒன்றும் எழுதவுமில்லை. மீன் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நானும் பார்த்தேன். என்னுடைய பாஸ்போர்ட் அந்த வயிறு மேலே கிடக்கும் சனியனிடம் இருந்தது.

செவுள் ஒரு தரம் திறந்தது... பிறகு ஒன்றுமில்லை. அண்ணை அசைப்பதை நிறுத்தவில்லை.

திடீரென்று வாலால் ஒரு அடி! அண்ணையின் முகம் முழுக்கத் தண்ணீர். மீனைக் காணவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஏப்ரலில் கெத்தெ வேண்டாம். நல்ல வீக்கென்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தப் புல்லிலேயே இருந்து அழுதேன்.

குடியுரிமை கிடைத்த அன்று அண்ணைக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன். "சந்தோசமடி பிள்ளை... அந்த மீனுக்குச் சொல்லிப்போட்டியோ?" என்றார்.

இன்று பின்னேரம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்யும் டெனிஷ்காரர் பூ அனுப்பியிருந்தார்கள். அட்டையில், 'வீல் இ ஃப்ரேத்'. அமைதியில் ஓய்வெடுங்கள் என்று இங்கே எல்லோருக்கும் எழுதுவதுதான்.

ரீற்றா அக்கா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர அண்ணை இதை எப்பிடி வாசிச்சிருப்பார் தெரியுமே, ஜெயா? 'வெள்ளிக்கிழமை ஓய்வெடுக்கட்டாம். அண்டைக்கு நான் மீனுக்கெல்லோ போக வேணும்...'"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அக்கா என் தோளில் முகத்தை வைத்துக் கத்தி அழுதார்.

அடக்கம் வருகிற வெள்ளிக்கிழமை.

போயிட்டு வாங்கோ, சூசை அண்ணை.