கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாத தங்கை

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த எங்கள் நூல் மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். சாமி சன்னதி தோற்றது போங்கள்! கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: பெயர் என்ன, அப்பா அல்லது கணவர் பெயர் என்ன, ஊர் எது. பதிலை அடித்து என்டரைத் தட்டினால்தான் அடுத்த கேள்வி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு விறைப்பாகக் கேட்கமாட்டார்கள். அதற்குள் ஏறியவர்களுக்கு மட்டும்தான் புது அடையாள அட்டை. அட்டை இல்லாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்குமே ஒரே அம்மன் பெயர். பிறந்த பிள்ளைகள் தங்காத வீடு. பிழைத்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று அவர்கள் அம்மா இரண்டு தடவையும் நேர்ந்துகொண்டாளாம். வீட்டில் பெரியவள், சின்னவள். மில்லிலும் அப்படித்தான் கூப்பிடுவோம், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பெரியவளைக் கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், வேலையில் சேரும்போது அப்பா பெயரைத்தான் கொடுத்திருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஒருத்தி காலை ஷிப்ட், இன்னொருத்தி மதிய ஷிப்ட்.

பெரியவளை ஏற்றினேன். சின்னவளை ஏற்றப் போனால், இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று திருப்பி அடித்துவிட்டது. மூன்று கேள்விக்கும் ஒரே பதில் என்றால் ஒரே ஆள், அதுதான் அதன் நியாயம். “அட மூதேவி, இவ வேற, அவ வேற!” என்று திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அடித்தேன். ம்ஹூம்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். “தங்கச்சியைப் பேரை மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. இல்லீன்னா திங்கக்கிழமையிலிருந்து அந்தப் பொண்ணுக்கு வேலை இல்லீங்க” என்று சொல்லிவிட்டார்.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சின்னவள் அழுதுவிட்டாள். “எங்கம்மை நேந்து வச்ச பேருக்கா. வேலை போனாலும் போவுது, மாத்தமாட்டேன்.” எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று வந்தது.

பெரியவள் இடுப்பிலிருந்த குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தாள்.

“ஏட்டி, அழாத. யக்கா, எனக்குப் போட்டிருக்க அப்பா பேரை எடுத்திருங்க. அது இவளுக்கு இருக்கட்டும். எனக்கு அந்த ஆளு பேரைப் போடுங்க.”

அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் வேறு. எழுதிக் கொடுக்கட்டும் என்று தாளை நீட்டினேன். வாங்கவில்லை. மேனேஜர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னாள். அடித்தேன், ஏற்றுக்கொண்டது. அடுத்து சின்னவளை அடித்தேன். அவளையும் ஏற்றுக்கொண்டது.

சின்னவளுக்கு அழுகை நிற்கவில்லை. “எனக்காக நீ அவம் பேரைச் சுமக்கணுமாக்கா?”

பெரியவள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“சும்மா கெட, ஏட்டி. கட்டுன நாள்லேருந்து அந்த ஆளால ஆன பிரயோசனம் இது ஒண்ணுதான். அதையும் வேண்டாங்கியா?”